கோபிகா விழுங்கிய அரம்

கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள், காலை பத்தரை மணிபோல, ஒரு பல் கிளினிக்கின் சாய்கதிரையில் கிடந்தபடி கோபிகா ஓர் அரத்தை விழுங்கினாள்.

அரம் என்றதும் பட்டறையில் கிடக்கும் முழநீள இரும்பை நினைக்க வேண்டாம். இது பல்லின் வேருக்குள் விட்டு உள்ளே கிடக்கும் பழுதைச் சுரண்டி எடுக்கிற சாமான். குண்டூசி அளவுதான் இருக்கும். நுனி கூர். பிடிப்பதற்கு மேலே நீலநிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் கொண்டை. சின்னதென்று ஆறுதல் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம், விழுங்கினவளுக்கு அது ஆறுதலாகாது.

குற்றம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம். டொக்டர் உதயகலா கெட்டிக்காரி, பொறுமைசாலி. வழமையாக ஒவ்வோர் அரத்திலும் நூல் கட்டி, நூலின் மற்ற நுனியை வாய்க்கு வெளியே தொங்கவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அன்றைக்கு வெளியே எட்டுப்பேர் காத்திருந்தார்கள். மூன்றாவது அரத்துக்கு நூல் கட்ட மறந்துபோனாள். வாய்க்குள் ஒன்றும் விழாமல் விரிக்கிற இறப்பர்த் துண்டு ஒன்று உண்டு. அது வாந்தியைக் கொண்டுவருகிறதென்று கோபிகா முதல் தடவையே மறுத்துவிட்டாள். இதெல்லாம் போதாதென்று விரதம் வேறு. பகலில் பச்சைத்தண்ணீரும் பல்லில் படாத விரதம். பல்லைக் கழுவப் பீச்சுகிற தண்ணீரில் ஒரு துளிகூட உள்ளே போய்விடக்கூடாது என்று முக்கால் மணிநேரமாகத் தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எவ்வளவு நேரத்துக்குத்தான் ஒரு மனுசி விழுங்காமல் இருக்கலாம்? ஈரக் கையுறையிலிருந்து அரம் நழுவி அடிநாக்கில் விழுந்ததும், "விழுங்காதேங்கோ, தலையைச் சரியுங்கோ!" என்று உதயகலா கத்தியதும், தொண்டை தன்பாட்டில் திறந்து மூடியதும் ஒன்றாக நடந்து முடிந்தன.

"உள்ளுக்கை போட்டுதோ?" என்றாள் உதயகலா. அவளுடைய முகத்தில் இரத்தமில்லை.

கோபிகா எழுந்து உட்கார்ந்தாள். "ஓம் டொக்டர். தண்ணியும் சேர்ந்து போட்டுது. விரதம் முறிஞ்சுதோ தெரியேல்லை."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பல்வைத்தியருக்கும் படிப்பித்திருக்க மாட்டார்கள். உதயகலா அவளுடைய முதுகைத் தடவினாள். இருமல் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா, நெஞ்சுக்குள் குத்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுமில்லை.

"அப்ப வயித்துக்கைதான் போயிருக்கும். எண்டாலும் நிச்சயமாத் தெரியோணும். வாங்கோ, என்ரை காரிலையே பெரியாஸ்பத்திரிக்குப் போவம். நெஞ்சுக்கும் வயித்துக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எங்கை நிக்குதெண்டு தெரிஞ்சிடும்."

அரம் இறங்கியபோது பயப்படாத கோபிகா, எக்ஸ்ரே என்ற சொல்லுக்குப் பயந்தாள். அவளுடைய கை தன்பாட்டில் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் இந்த உலகத்தில் அவளையும் முருகனையும் தவிர வேறொருவருக்கும் தெரியாது என்று அவள் நம்பியிருந்தாள். அவளுக்கு மாதவிடாய் பன்னிரண்டு நாள் பிந்தியிருந்தது.

கோபிகாவுக்கு முப்பத்தேழு வயது. உரும்பிராயில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துகிற சுபாஸ்கரனைக் கலியாணம் செய்து பதினொரு வருடம். அவள் உபதபாலகத்தில் வேலை செய்கிறாள். முத்திரை வாங்க வருகிறவர்கள் முத்திரையோடு போகமாட்டார்கள். "பிள்ளை, விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பதிவுத்தபாலுக்குக் கையெழுத்து வைக்கிற நேரத்திலும் ஆட்களுக்கு அவளுடைய வயிற்றில்தான் கண். இவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா என்று கேட்டால், இல்லைதான்.

ஏழு வருடத்துக்கு முன்னர் ஒரு தடவை கரு தங்கியது. சுபாஸ்கரனுக்குச் சந்தோசத்தில் வாய் நிற்கவில்லை. பம்பு திருத்தப்போன தோட்டமெல்லாம் சொன்னான். கனடாவில் இருக்கிற தமக்கைக்குச் சொன்னான், அவள் கையோடு குழந்தை உடுப்புகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினாள். ஒன்பதாம் கிழமை எல்லாம் கலைந்துபோனது. அதற்குப் பிறகுதான் பெட்டி வந்து சேர்ந்தது. அதை வாங்கிக் கையெழுத்து வைத்தவளும் கோபிகாதான், தபாலகத்தில் அன்றைக்கு வேறு ஆளில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை பிந்தியது. ஐந்து நாள், எட்டு நாள், ஒருமுறை ஒன்பது நாள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சோதனைப் பட்டியை வாங்கிப் பார்த்து, ஒற்றைக்கோட்டைக் கண்டு, குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த ஒற்றைக்கோடு அவளுக்கு வெறுத்துப்போயிற்று. ஆகவே இந்த முறை பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தாள். தர்ப்பைக் காப்புக் கட்டிய அன்று கோயிலில் நின்று முருகனோடு ஓர் ஒப்பந்தம் செய்தாள். "சூரன்போர் முடிஞ்சு, விரதம் முடிக்கிற பாரணை அண்டைக்குப் பாக்கிறன். அதுமட்டும் இதை என்னட்டை விட்டுவையும்."

யோசித்துப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அவள் பிள்ளையைக்கூடக் கேட்கவில்லை. பிள்ளை இருக்கலாம் என்கிற ஆறு நாளைத்தான் கேட்டாள்.

அந்த நாட்களை அவள் வீணாக்கவுமில்லை. வழமையாக மிளகும் தண்ணீருமாக விரதம் பிடிக்கிறவள், இந்த முறை பொழுதுபடப் பாலும் பழமும் எடுத்தாள். தபால் மூட்டையைத் தூக்காமல் இழுத்து வைத்தாள். ஸ்கூட்டியைக் குழிகளில் விடாமல் ஊர்ந்து ஓட்டினாள். பல் இரண்டு இரவாகக் கொன்றபோதும் வலிமாத்திரை போடவில்லை. கிளினிக்கில் விறைப்பு ஊசியும் வேண்டாமென்றாள். விரதக்காரி, அதுதான் இப்படி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் பிள்ளைக்குப் பெயர் யோசிக்கவில்லை, ஆணா பெண்ணா என்று நினைக்கவில்லை. காலையில் எழும்பிக் குளியலறைக்குப் போய் வந்து, "இண்டைக்கும் வரேல்லை" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை எப்படியும் ஓட்டிவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் உதயகலாவைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எக்ஸ்ரேக்கான துண்டு உடனே எழுதப்பட்டது. எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற பெடியன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"அக்கா, பிள்ளைத்தாச்சியா இருக்கச் சான்ஸ் இருக்கோ?"

உதயகலா பக்கத்தில் நின்றாள். பின்னால் கை முறிந்த ஒருவரும் அவருடைய மனைவியும் நின்றார்கள். பதினொரு வருடமாக இந்தக் கேள்விக்குப் பழகிப்போன வாய் பழகின பதிலைச் சொல்லிவிட்டது.

"இல்லை."

உள்ளே போய் மேசையில் படுத்தாள். தகரம் முதுகில் குளிர்ந்தது. தலைக்கு மேலே இருந்த கருவியை அந்தப் பெடியன் நெஞ்சுக்கு நேரே இழுத்து, பிறகு கொஞ்சம் கீழே இறக்கினான். வயிற்றில் வெளிச்சத்தால் ஒரு சதுரம் விழுந்தது. அவன் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ அக்கா" என்றான். அவன் மறைந்து நிற்கிறான், இவள் மறையாமல் கிடக்கிறாள். கோபிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ, தம்பி!"

மேசையிலிருந்து குதிக்காமல், அந்தப் பதற்றத்திலும் பக்கவாட்டில் சரிந்து மெதுவாகத்தான் இறங்கினாள். செருப்பையும் போடாமல் வெளியே வந்து, உதயகலாவின் கையைப் பிடித்து நடைபாதையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"டொக்டர், நான் பொய் சொல்லிப்போட்டன். பன்ரண்டு நாள் பிந்தியிருக்கு."

உதயகலா குரலைத் தாழ்த்தினாள். "அதாலையோ விறைப்பு ஊசி வேண்டாமெண்டனீங்கள்?"

"ஓம்."

"நான் விரதத்துக்காக்கும் எண்டெல்லோ நினைச்சன். பாத்தனீங்களோ?"

"இல்லை. பாக்கேல்லை. பாரணை அண்டைக்குத்தான் பாக்கிறதெண்டு நினைச்சிருந்தன்."

"உங்கடை அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சரி. பயப்பிடாதேங்கோ. ஒரு சின்ன ரெஸ்ற்தான், அஞ்சு நிமிசம். இருந்தால் அதுக்கேத்த மாதிரி மூடி மறைச்சு எடுப்பினம்."

"அதில்லை டொக்டர்." கோபிகா இன்னும் அவளுடைய கையை விடவில்லை. "எக்ஸ்ரேயும் வேண்டாம், ரெஸ்ற்றும் வேண்டாம். இன்னும் மூண்டு நாள்தானே. அதுக்குப் பிறகு என்னத்தையும் செய்யுங்கோ. ஒரு குண்டூசிதானே, கிடந்திட்டுப் போகட்டும்."

பயப்பட வேண்டிய நேரத்தில் உதயகலாவும் பயந்துதான் இருந்தாள். தன்னுடைய கவனக்குறைவு, தன்னுடைய பெயர், இனி வரப்போகிற விசாரணை எல்லாம் அவளுக்கும் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டாள், அது அவளுடைய நல்ல குணம். கோபிகாவை வாங்கில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தாள்.

"அந்த நுனி கூர் அக்கா. குடலிலை எங்கையேன் குத்தினால் பெரிய கரைச்சல். ஒப்பிறேசன்வரைக்கும் போகும்."

"குத்தினால் எனக்குத்தானே."

"உள்ளுக்கை ஒரு பிள்ளை இருந்தால், அதுக்கும்தானே?"

கோபிகா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாமல் வைத்திருப்பது அவளுடைய ஆசை. இருக்கிறதென்றால் அதைக் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றுவதற்கு முதலில் தெரிய வேண்டும். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் அந்தச் சோதனை செய்கிற சின்ன அறைக்குத்தான் வழி போனது. எழும்பிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

நேர்ஸ் ஐம்பது வயது தாண்டியவர். பட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோபிகா பட்டியைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தாள். பிறந்தவுடன் ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, நாலாம் மாதம் ஒன்று. ஒன்பதாம் மாதத்துக்கு வரும்போது ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

ஒற்றைக்கோடு.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்பமே, அக்கா" என்றாள்.

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், ஆனாலும் நேர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். இன்னும் ஐந்து நிமிடம் போனது. கோபிகா இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது கோடு வரவேண்டிய வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் மெல்லிய றோஸ் நிறத்தில் ஏதோ தெரிவதுபோல இருந்தது. கண்ணை மூடித் திறந்தாள். இல்லை.

"பிள்ளை, இனி மாறாது" என்றார் நேர்ஸ். "விரதம், யோசனை, பல்லுக்குத்து எல்லாம் சேர்ந்தால் நாள் பிந்தும். இதுக்கு முதலும் எத்தினை பேரைப் பாத்திட்டன். ஒருக்கா கிளினிக்குக்கு வந்து காட்டுங்கோ."

அவர் பட்டியை எடுத்துக் குப்பைக்கூடைக்குள் போட்டார். அவருடைய வேலை அது, அவரில் பிழையில்லை. ஆனால் கோபிகாவுக்கு அந்தக் கூடைக்குள் கையை விட்டு அதைத் திரும்ப எடுக்க வேண்டும்போல இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் ஓர் ஆள் வேண்டும். இறந்துபோனவர் இல்லை, பிறந்தவர் இல்லை, பன்னிரண்டு நாளாக அவள் ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இல்லையென்று ஆகியிருக்கிறது. இதற்கு யார் வந்து துக்கம் விசாரிப்பார்கள்?

இரண்டாம் தடவை மேசையில் படுத்தபோது அவள் மூச்சை இழுத்துப் பிடி என்றதும் பிடித்தாள், விடு என்றதும் விட்டாள். வயிற்றில் விழுந்த சதுர வெளிச்சத்தைப் பார்க்கவேயில்லை.

படம் திரையில் வந்தது. உதயகலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இஞ்சை பாருங்கோ, வயித்துக்கைதான் நிக்குது!" விலா எலும்புகளுக்குக் கீழே, இடதுபக்கத்தில், வெள்ளையாக, நுனிவரை பிசகாமல் அரம் தெரிந்தது. கோபிகாவின் கண் அதில் நிற்கவில்லை. அதற்குக் கீழே, இடுப்பெலும்புகளுக்கு நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுபாஸ்கரன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். அளவெட்டியில் ஒரு தோட்டக் கிணற்றடியில் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றவன். தொலைபேசியில் உதயகலா சொன்னது பாதி விளங்கி, பாதி விளங்காமல், கையில் கிறீஸோடு மோட்டார்சைக்கிளில் பறந்து வந்திருக்கிறான். திரையைப் பார்த்தான். நகத்தால் அதைத் தொடப்போய், நகத்தின் கறுப்பைக் கண்டு கையை இழுத்துக்கொண்டான்.

"இதென்னப்பா, அரமே? அரம் வேணுமெண்டால் என்ரை கடையிலை எத்தினை கிடக்குது. ஏன் உதைப் போய் விழுங்கினனீர்?"

பயத்தில் பகிடி விடுவது அவனுடைய பழக்கம். உதயகலா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள், நூல் கட்ட மறந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன், "பரவாயில்லை டொக்டர், மனுசர்தானே, நானும் நட்டுக் கொழுவ மறந்து எத்தினை பம்பை ஓடவிட்டிருக்கிறன்" என்றான். மற்ற விசயத்தைப் பற்றி உதயகலா வாய்திறக்கவில்லை. கோபிகாவைப் பார்த்தாள், கோபிகா தலையை அசைத்தாள், அதோடு விட்டுவிட்டாள்.

வெறும் வயிறாக இருந்தது நல்லதாகப் போயிற்று என்றார்கள். சாப்பிட்டிருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். பகல் இரண்டு மணிக்குத் தொண்டைக்குள் குழாயை விட்டு, அதற்குள்ளால் ஒரு சின்னக் கவ்வியை அனுப்பி, அரத்தைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். இருபது நிமிட வேலை. ஓர் இரவு வைத்திருந்து பார்த்துவிட்டு விடுவதாகச் சொல்லி வாட்டில் கட்டில் கொடுத்தார்கள்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் சுபாஸ்கரன் கை கழுவி, முகம் கழுவி, பேக்கரிப் பணிஸ் ஒன்றும் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுவந்தான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் இருந்து பணிஸைப் பிய்த்து நீட்டினான்.

"விரதத்தை விடுமப்பா. முருகன் கோவிக்கமாட்டார். உம்மைப்போல ஆரேன் அரத்தை விழுங்கி விரதம் பிடிச்சவையே?"

"இன்னும் மூண்டு நாள் கிடக்கு" என்றாள். தொண்டை நொந்தது. "நான் பிடிக்கப்போறன்."

"ஏன் கோபி இப்பிடி உம்மை வருத்திறீர்?"

அவன் கேட்ட விதத்தில் பகிடி இல்லை. அவளால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். கோவிக்காதேங்கோ. எனக்குப் பன்ரண்டு நாள் பிந்தியிருந்தது. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. இண்டைக்கு எக்ஸ்ரேக்காகப் பாத்தவை. இல்லையாம்."

சுபாஸ்கரன் பிய்த்த பணிஸைத் திரும்பப் பைக்குள் வைத்தான். பையின் வாயை மடித்தான். மடிப்பை நகத்தால் அழுத்தினான்.

"பதின்மூண்டு" என்றான்.

"என்ன?"

"பன்ரண்டில்லை. இண்டையோடை பதின்மூண்டு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் அந்த நாலு நாளும் அவள் சாமியறைக்குள் போகமாட்டாள். பொழுதுபட, "இண்டைக்கு விளக்கை நீங்கள் வையுங்கோ" என்பாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை, அவனும் கேட்பதில்லை. குளித்துவிட்டுப் போய் விளக்கை ஏற்றுவான்.

"வரவேண்டிய நாள் தாண்டியும் நீர் என்னை விளக்கு வைக்கச் சொல்லேல்லை" என்றான் சுபாஸ்கரன். "முதல் நாள் மறந்திட்டீராக்கும் எண்டு நினைச்சன். பிறகு ஒவ்வொரு நாளும் வேலையாலை வரேக்கை றோட்டிலையே மோட்டார்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டுச் சாமியறை யன்னலைத்தான் பாக்கிறது. வெளிச்சம் தெரிஞ்சால், சரி, இண்டைக்கும் அவள் வைச்சிட்டாள் எண்டு..."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"போன முறை நான் வாயைத் திறந்துதானே எல்லாம் போனது."

அவன் வாய் திறந்ததால் ஒன்றும் போகவில்லை என்று அவளுக்கும் தெரியும், டொக்டர்மாரும் அன்றே சொன்னார்கள். ஏழு வருடமாக அவன் இதை இப்படித்தான் நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே பிள்ளையை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். அவன் தன் கையை அவளுடைய கைக்கு மேல் வைத்தான். கழுவியும் கிறீஸ் மணந்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டிருந்தது. வாட்டுக்குள் விளக்குகளைப் போட்டார்கள். பார்வையாளர்களை வெளியே போகச் சொல்லி ஒருவர் மணியடித்துக்கொண்டு வந்தார்.

கோபிகா முகத்தைத் துடைத்தாள். "போங்கோ, பொழுதுபட்டிட்டுது" என்றாள். "இண்டைக்கு விளக்கை நீங்கள் வையுங்கோ."

பதின்மூன்று நாளாக அவன் எந்த வசனத்துக்குப் பயந்துகொண்டிருந்தானோ, அதைத்தான் அவள் சொன்னாள்.

"ஓம்" என்றான். ஆனால் எழும்பவில்லை. மணிக்காரர் இரண்டாம் முறை வந்து தோளில் தட்டும்வரை அவளுடைய கையைப் பிடித்தபடியே இருந்தான்.